சமுகமளிக்காதோர் பட்டியல்

நலன்புரித் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். கள உத்தியோகத்தராகச் சேர்ந்து, கடைசியில் நுவரெலியா மாவட்டத்தின் நலன்புரி வேலை முழுவதற்கும் பொறுப்பான உதவிப் பணிப்பாளராக ஓய்வு பெற்றேன். இத்தனை காலத்தில் என்னை நல்லவள் என்று யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. கெட்டிக்காரி என்றார்கள். கறார் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பலவும் சொன்னார்கள். அவற்றில் பாதி உண்மை.

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள் நான். பரீட்சை எழுதி வேலைக்கு வந்தபோது, என் முதல் கந்தோரில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அங்கே இருந்த பிரதம எழுதுவினைஞர் என்னை நான்கு வருடமும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “வத்தே கெல்ல” என்பார். தோட்டத்துப் பொண்ணு என்று அர்த்தம். என் நாற்காலியைக் கழிவறைக்குப் போகும் வழியில் போட்டிருந்தார். போகிறவர், வருகிறவர் எல்லோருடைய முழங்கையும் என் தலையில் இடிக்கும். நான் அழவில்லை. சுற்றறிக்கைகளை மனப்பாடம் செய்தேன். எந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பந்தியில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாததெல்லாம் எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் ஒவ்வொரு முறை பிழைவிட்டபோதும் எல்லோர் முன்னிலையிலும் திருத்தினேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை.

அப்படியே மேலே வந்தேன். சட்டம்தான் என் பிடி. மேலதிகாரிகளுக்கு என்னைப் பிடிக்காது, ஆனால் என் கோப்பில் குறை காண முடியாது. தோட்டத்து ஆட்களுக்கும் என்னைப் பிடிக்காது. “நம்ம ஆளுதான், ஆனா நம்ம பக்கம் பேசாது” என்பார்கள். நான் யார் பக்கமும் பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கர்வமும் இருந்தது.

நாட்டில் பெற்றோல் வரிசையும் எரிவாயு வரிசையும் முடிந்த பிறகு, அரசாங்கம் பழைய உதவித் திட்டங்களை நிறுத்திவிட்டுப் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லோரும் திரும்பவும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களுக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் போகும். குறித்த நாளில், குறித்த மண்டபத்துக்கு, பத்திரங்களோடு வர வேண்டும். வராதவர்களின் பெயர் ‘சமுகமளிக்காதோர்’ என்ற பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலில் அதிகாரி கையெழுத்து வைத்தால் பெயர் வெட்டுப்படும். எங்கள் மாவட்டத்தில் அந்தக் கையெழுத்து என்னுடையது.

ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கையெழுத்து வைத்தேன். தாள் தாளாக எடுத்து வைத்தார்கள். கை வலித்தது. நடுவில் எழுந்து ஒரு தேத்தண்ணீர் குடித்தேன். ஒரு பெயரையும் வாசிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள்.

அன்று நல்ல மழை. காலையிலிருந்தே வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாளாம். பொகவந்தலாவையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து மாறி வந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, நேரான பார்வை. என் அறைக்குள் வந்ததும் ஈரப் பையிலிருந்து புருஷனுடைய கிளினிக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள்.

“எங்க ஊட்டுக்காரரு பேர வெட்டிட்டாங்க மிஸ். மரம் வெட்டப் போயி விழுந்தவரு. இடுப்புக்குக் கீழ ஒன்னும் இல்ல. ஆறு வருஷமா படுக்கை. முன்னாடி உதவி வந்துச்சு. இப்ப இல்லேங்குறாங்க.”

நான் ஊழியர் ஒருவரிடம் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். பெயர் இருந்தது.

“விசாரணைக்கு வரல்லையே?”

“கடுதாசி வரல்ல மிஸ்.”

“கடிதம் அனுப்பியிருக்கு. பதிவு இருக்கு.”

“எங்களுக்கு வரல்ல.”

அன்று காலையிலிருந்து அதே பதிலை எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பசி. தலைவலி வேறு. நான் கொப்பியை அவள் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னேன்:

“தோட்டத்து ஆளுங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. வர வேண்டிய நாளுல வாறதில்ல. அப்புறம் கடிதம் வரல்லன்னு பொய் சொல்றது.”

அவள் கொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அவசரப்படவில்லை.

“லயத்துல பொறந்தவங்கன்னு சொன்னாங்க. அத நம்பித்தான் பஸ் ஏறுனேன்” என்றாள். பிறகு என் மேசையின் கண்ணாடியில் காறித் துப்பினாள்.

காவலாளி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவள் திமிறவில்லை. வாசலில் நின்ற சனம் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தது. சிலர் முகத்தில் சிரிப்பு. என் சொந்த ஊழியர்கள் இரண்டு பேர் முகத்திலும் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பொலிசுக்கு முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன். அவளைச் சும்மா விடக்கூடாது என்பதைத் தவிர மனதில் வேறொன்றும் இல்லை. அரச உத்தியோகத்தரின் கடமைக்கு இடையூறு. பந்தி எனக்கு மனப்பாடம். அவளுடைய தோட்டம், அதில் எந்தப் பிரிவு என்ற டிவிஷன் பெயர், பட்டியல் இலக்கம் எல்லாம் எழுத வேண்டும் என்று பட்டியலை நானே எடுத்து விரித்தேன்.

அப்போதுதான் வாசித்தேன். அந்தத் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் விண்ணப்பித்த அத்தனை குடும்பமும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒரு வீடு மிச்சமில்லை. ஒரு டிவிஷனில் பத்துப் பேர் வராமல் இருக்கலாம். பாதிப் பேரும் வராமல் இருக்கலாம். ஒருவர்கூட வராமல் இருக்க முடியாது. லயத்தில் வளர்ந்த எனக்கு அது தெரியும். ஒரு வீட்டுக்குக் கடிதம் வந்தால் பக்கத்து வீடு சும்மா இருக்காது.

முறைப்பாட்டைக் கிழித்துப் போட்டேன். கோபம் மட்டும் போகவில்லை. யார் மீது என்றுதான் தெரியவில்லை.

லயத்து வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், ஊர், அவ்வளவுதான். தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் ஒரே கட்டாகத் தோட்டத்து ஒபிசில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்து காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடும் நேரத்தில், கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கொடுத்தால் உண்டு.

அந்த வாரமே சொல்லாமல் கொள்ளாமல் போனேன். என்னோடு அந்தப் பகுதியின் கிராம உத்தியோகத்தரையும் வரச் சொன்னேன். அவர் சிங்களவர். நேரம் பிந்தி வருகிறார் என்று முந்தின வருடம் நான் அவரைப் பற்றி மேலே எழுதியிருந்தேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஜீப்பின் பின் சீற்றில் ஏறி உட்கார்ந்து, வழி முழுக்கக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தோட்டத்து ஒபிசில் பெரிய கிளாக்கர் இருந்தார். தமிழர். நெற்றி நிறைய விபூதி. என்னைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.

“கடிதமெல்லாம் அப்பவே பெரட்டுல குடுத்தாச்சுங்க மேடம். நம்ம சனத்தப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே. வாங்கி எங்கயாவது சொருகி வச்சிருப்பாங்க.”

நம்ம சனம். நான் என் மேசையில் இருந்து சொன்னதை அவர் இன்னும் இனிமையாகச் சொன்னார். 

“யாருக்குக் குடுத்தீங்கன்னு பதிவு இருக்கா?”

“அதெல்லாம் எங்கங்க மேடம் எழுதுறது.”

பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று அடித்தது. முன் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளறைக் கதவு மட்டும் அசையவில்லை. அதன் அடியில் ஓர் உரச் சாக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தது. அதைப் பார்த்தவர் நான் அல்ல, கிராம உத்தியோகத்தர். அவர் எழுந்து போய்க் காலால் சாக்கைத் தட்டினார். உரம் அப்படிச் சத்தம் போடாது. குனிந்து கயிற்றை அவிழ்த்தார். உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்து மேசையில் போட்டார். எங்கள் திணைக்களத்தின் பழுப்பு நிற உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

கிளாக்கர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“தொரைதான் சொன்னாரு மேடம். நான் சொன்னதச் செய்யிற ஆளு.”

தொரை வந்தார். மனேஜர் என்பதைவிட அந்தப் பட்டம்தான் இன்னும் எல்லோர் வாயிலும் நிற்கிறது. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், நன்றாகப் படித்தவர். சாக்கைப் பார்த்தார். முகம் மாறவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கினார். நான் தமிழிலேயே பதில் சொன்னேன். பிறகு அவரும் தமிழுக்கு வந்தார். நன்றாகவே பேசினார்.

“நீங்க குடுத்த நாள் எங்களுக்குக் கொழுந்து கூடுன நேரம் மேடம். டிவிஷனே எந்திரிச்சு டவுனுக்குப் போனா மலையில யாரு எடுக்குறது? கொழுந்து முத்திப்போகும். சீசன் முடிஞ்சதும் குடுக்கலாம்னு வச்சிருந்தோம்.”

“விசாரணை நாள் முடிஞ்ச பிறகா?”

“இன்னொரு நாள் குடுக்க மாட்டீங்களா? அரசாங்கம்தானே.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் என்பதுபோல. எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அறையவில்லை. சாக்கைத் தூக்கி ஜீப்பில் வைக்கச் சொன்னேன்.

“தோட்டத்துச் சாமானைக் கொண்டுபோக முடியாது” என்று வழியை மறித்தார்.

“இது அரசாங்கத்துத் தபால். மறிச்சு வச்சது நீங்க. விலகுங்க.”

சாரதி தயங்கி நின்றான். கிராம உத்தியோகத்தர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தொரையைச் சுற்றி நடந்தார்.

கொழும்பில் இருந்த என் பணிப்பாளரிடம் நேரில் போனேன். அறிக்கை, உறைகள், பட்டியல் எல்லாம் கொண்டுபோனேன். அவர் ஒரு உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உறைகளை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“மேக வஹன்ன” என்றார் சிங்களத்தில். இதை மூடிவிடுங்கள் என்று அர்த்தம்.

மேன்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டதாம். ஒரு டிவிஷனைத் திறந்தால் நாடு முழுக்கத் திறக்க வேண்டி வருமாம். தோட்டக் கம்பனியோடு திணைக்களம் மோத முடியாதாம். “உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தானே இருக்கு?” என்று அன்பாகக் கேட்டார். அந்த அன்பு அவருடைய மறுப்பைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது.

சுற்றறிக்கையில் ஒரு பந்தி உண்டு. விண்ணப்பதாரருக்கு அழைப்பு கிடைக்கவில்லை என்று மாவட்ட அதிகாரி திருப்திப்பட்டால் மீள விசாரிக்கலாம். எங்கே நடத்த வேண்டும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் வேலை இல்லாத நாள், அதே கீழ் டிவிஷனின் பிள்ளைக்காம்பராவில் நானே விசாரணை நடத்தினேன். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. சுவர் முழுக்க அரிச்சுவடிப் படங்கள். குழந்தைகள் உட்காரும் வாங்குகளில் பெரியவர்கள் முழங்கால் மடக்கி உட்கார்ந்தார்கள். கிராம உத்தியோகத்தரை நான் கூப்பிடவில்லை. அவராகவே வந்து, மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து, அடையாள அட்டைகளைச் சரிபார்க்கத் தொடங்கினார்.

“ஏன் வந்தீங்க?” என்று கேட்டேன்.

“உங்களுக்காக இல்ல” என்றார் சிங்களத்தில். “அந்தச் சாக்கை நானும் தூக்கினேன்.”

சனங்கள் வந்தார்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள், வெளியே போய்க் கூட்டமாக நின்று என்னைப் பற்றிப் பேசினார்கள். காது கேட்கும்படிதான் பேசினார்கள். “இப்ப வந்து குந்தியிருக்காங்க. அப்ப எங்க போனாங்க?” மத்தியானம் வரை எங்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் யாரும் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்தப் பெண்ணின் புருஷன் வர முடியாதவர். நான்தான் போக வேண்டும். லயத்தின் கடைசிக் காம்பரா. அவள் வாசலில் நின்றாள்.

“உள்ள வாங்கன்னு சொல்ல மாட்டேன். வேலை இருந்தா வந்து பாத்துட்டுப் போங்க.”

குனிந்து உள்ளே போனேன். அவர் கட்டிலில் கிடந்தார். அகன்ற தோள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகிய கை. போர்வைக்குக் கீழே கால்கள் இருக்கும் இடம் தட்டையாக இருந்தது. காம்பரா சுத்தமாக இருந்தது. ஆறு வருடம் படுத்திருப்பவரின் உடம்பில் ஒரு புண் இல்லை. அதை எழுதும்போதுதான் அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குப் புரிந்தது.

“மன்னிச்சுக்குங்க மிஸ்” என்றார் அவர். “ஒபிசுல என்னமோ பண்ணிட்டாளாம். அவ கோவக்காரி.”

“நீ சும்மா இரு” என்றாள் அவள் வாசலிலிருந்து. “அவங்க கேக்கட்டும் மன்னிப்பு.”

நான் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் வாய் வரவில்லை. முப்பது வருடமாக யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாதது. “இங்க கைநாட்டு வைங்க” என்று தாளை நீட்டினேன்.

பத்து நாளில் எனக்குக் குற்றப்பத்திரம் வந்தது. அனுமதி இல்லாமல் விசாரணை நடத்தியது, விடுமுறை நாளில் அரச வாகனம் பாவித்தது, தோட்டத்துக்குள் அத்துமீறி நுழைந்தது, ஆவணங்களைப் பலவந்தமாக எடுத்தது. முடிவு தெரியும்வரை கட்டாய விடுமுறை. என் மேசைச் சாவியை வாங்க வந்தவர், துப்பிய அன்று சிரித்த இருவரில் ஒருவர்.

வீட்டில் சும்மா இருந்த அந்த மாதங்களில் நான் நிறைய வெறுத்தேன். பணிப்பாளரை, தொரையை, விபூதி பூசிய கிளாக்கரை. “சமாதானமாப் போயிருங்கம்மா, நான் பேசி முடிச்சுத் தாறேன்” என்று வீட்டுக்கு வந்த தொழிற்சங்கக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். அந்தப் பெண்ணையும் வெறுத்தேன். அவள் துப்பாமல் இருந்திருந்தால் நான் அந்தப் பட்டியலை வாசித்திருக்கவே மாட்டேன். அது உண்மை என்பதால்தான் அவளை அதிகமாக வெறுத்தேன்.

ஒழுக்காற்று விசாரணை கண்டியில் நடந்தது. என்மேல் முறைப்பாடு கொடுத்த தோட்டத் தரப்பு பெரிய கிளாக்கரைச் சாட்சிக்கு நிறுத்தியது. அவர் சத்தியம் செய்துவிட்டு, அந்தச் சாக்கு தன் அறையில் இருந்ததே இல்லை, மேடம்தான் ஜீப்பில் கொண்டுவந்தார் என்றார். கிராம உத்தியோகத்தர் நடந்ததை நான்கு வசனத்தில் சொன்னார். அவரும் என்னோடு வந்தவர்தானே என்று தோட்டத்து வழக்கறிஞர் தள்ளிவிட்டார்.

பிறகு அவர்கள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய சாட்சியாக.

ஏன் கூட்டிவந்தார்கள் என்று உடனே விளங்கியது. அவள் என் மேசையில் துப்பிய கதை மாவட்டம் முழுக்கத் தெரியும். நான் எப்படிப்பட்ட அதிகாரி என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்தால் போதும்.

தோட்டத்து வழக்கறிஞர் மெதுவாகக் கேட்டார்:

“இந்த மேடம் உங்ககிட்ட எப்படி நடந்துக்கிட்டாங்க?”

“பொய்க்காரின்னு சொன்னாங்க.”

“உங்களுக்கு இவங்க மேல கோபமா?”

“இவங்களக் கண்டா எனக்குப் புடிக்காது.”

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உட்காரப் போனார். விசாரணை அதிகாரி ஒரு வயதானவர், மொழிபெயர்ப்பாளர் மூலமாக எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“ஆமாங்க” என்றாள் அவள். “அந்தச் சாக்கப் பத்திச் சொல்லணும்.”

கிளாக்கர் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க ஊட்டுக்காரரு விழுந்ததுல இருந்து தோட்டத்து ஒபிஸ் கூட்டுற வேலைய எனக்குக் குடுத்தாங்க. காலையில கூட்டி முடிச்சுட்டுத்தான் மலைக்குப் போவேன். அந்தச் சாக்கு கிளாக்கர் ஐயா அறைக் கதவுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. கொழுந்து கூடுன மாசத்துல இருந்து இருந்துச்சு. நான்தான் தெனமும் நகத்தி வச்சுக் கூட்டுவேன். என்னாங்கய்யா இதுன்னு கேட்டேன். பழைய கணக்குத் தாளுன்னு சொன்னாரு.”

அவள் கிளாக்கர் பக்கம் திரும்பினாள்.

“எங்க கடுதாசி அதுக்குள்ளதான் இருந்திருக்கு. நான் கையால நகத்தியிருக்கேன். நகத்தி வச்சுட்டு, கடுதாசி வரல்லன்னு பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போயிருக்கேன்.”

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்வரை அவள் கிளாக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்படியானால் இந்த அதிகாரி செய்தது சரி என்கிறீர்களா?” என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

“அது எனக்குத் தெரியாதுங்க. பேர வெட்டுனதும் இவங்க கையெழுத்துதான். வாசிச்சிருந்தா ஒரு டிவிஷனே வரல்லன்னு தெரிஞ்சிருக்கும். வாசிக்காம வச்ச கையெழுத்து. அதையும் எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டார்கள்.

வெளியே நடைபாதையில் அவளிடம் போனேன். அவள் செருப்பின் அறுந்த வாரை ஊசி குத்திச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“அன்னைக்கு நான் பேசினது தப்பு” என்றேன். “கையெழுத்து வச்சதும் தப்பு.”

“சரி” என்றாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“வேற என்ன வேணும் உங்களுக்கு?”

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு ஹட்டன் பஸ்ஸுக்கு நடந்தாள்.

முடிவு வந்தது. அந்தக் கீழ் டிவிஷனின் பெயர்கள் எல்லாம் மீண்டும் சேர்க்கப்பட்டன. அவளுடைய புருஷனுக்கு உதவி கிடைத்தது. எனக்கு, வாகனம் பாவித்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை; வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. கிளாக்கர் விலகிப் போனார். தொரை இதைவிடப் பெரிய தோட்டம் ஒன்றுக்கு மாற்றலாகிப் போனார். பணிப்பாளர் ஒரு கூட்டத்தில், தோட்டத்து மக்களின் கடிதப் பிரச்சினையைத் திணைக்களமே கண்டுபிடித்துத் தீர்த்ததாகப் பேசினார். நான் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கை தட்டவில்லை.

அந்தப் பெண்ணை ஒபிஸ் கூட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் தொழில் கந்தோருக்கு எழுதினேன். மூன்று தரம் எழுதிய பிறகு திரும்பக் கொடுத்தார்கள். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதோடு முடியவில்லை. கட்டாய விடுமுறை முடிந்து திரும்பிய அன்று, அந்த மத்தியானம் நான் கையெழுத்து வைத்த தாள்கள் அத்தனையையும் எடுத்து வரச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு இரண்டு நாள் வாசித்தேன். ஒருவரும் வராத டிவிஷன் அது ஒன்று மட்டும் அல்ல. வேறு தோட்டங்களிலும் இருந்தன. அவற்றைத் திறக்க அனுமதி கேட்டேன். முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. திரும்பக் கேட்டேன். பதிலே வரவில்லை. அதற்குள் என் சேவை வயது முடிந்தது. ஓய்வு பெற்றேன்.

இப்போது எனக்கு ஜீப் இல்லை, பதவி இல்லை. பென்ஷன்காரிகளுக்கு நேரம் உண்டு. அந்த டிவிஷன்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறேன். வீடு வீடாகக் கேட்டு மேன்முறையீடு எழுதிக் கொடுக்கிறேன். தோட்டத்து விலாசம் போடாமல், டவுனில் தெரிந்த கடை விலாசம் ஒன்றைப் போடச் சொல்கிறேன். சில பெயர்கள் திரும்பச் சேர்ந்திருக்கின்றன. பல மேன்முறையீடுகளுக்குப் பதில் இல்லை.

போன மாதம் றொசல்லயில் ரயிலிலிருந்து இறங்கி, மேலே ஒரு டிவிஷனுக்கு ஏறிப் போனேன். முதல் வீட்டில் ஒரு மனிதர் வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

“யாருங்க நீங்க?”

“உங்க பேர வெட்டுன அதிகாரி. திரும்பச் சேக்க எழுதித் தர வந்திருக்கேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். என் தாயையும் விட்டுவைக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே போய், அடையாள அட்டையை எடுத்துவந்து நீட்டினாள். நான் படியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். முதலில் பெயரை உரக்க வாசித்து, சரியா என்று கேட்டேன்.